புதன்கிழமைப் பசி

"எனக்குப் போதும். புள்ளைக்கே போடு" என்று பாதிக் களி உருண்டையோடு தட்டைத் தள்ளி வைத்தான் கோவிந்தப்பன்.

எதிரே உட்கார்ந்திருந்த மகள் சுகுணாவுக்குக் களி தொண்டையில் இறங்கவில்லை. நாலாம் வகுப்புப் படிக்கிறாள், பார்த்தால் இரண்டாவது என்பார்கள். போன வாரம் பள்ளிக்கூடப் பிரேயரில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்புல ரத்தமே இல்ல. முட்டை கிட்டை குடுங்கம்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"புதனும் சனியும் ஆனா உங்களுக்குப் பசியே எடுக்கறதில்ல" என்றாள் அவன் மனைவி நாராயணம்மா, தட்டை எடுத்தபடி.

"குடும்பத்துக்காக வயித்தக் கட்டறன். அதுவும் உனக்குக் குத்தமா?"

மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டின் அந்த ஒற்றை அறையில் அடுப்பு அவளுடையது, அதிகாரம் அவனுடையது. திங்களுக்குக் கொள்ளு, செவ்வாய்க்கு முருங்கைக்கீரை, புதனுக்கு மறுபடி கொள்ளு என்று வாரம் முழுக்க என்ன பொங்குவது என்பதை அவன்தான் முடிவு செய்வான். செலவும் ஆகாது, உடம்புக்கும் நல்லது என்பது அவன் கட்சி. அவன் போட்ட சட்டத்தில் எண்ணெய்க்கும் தேங்காய்க்கும் இடமில்லை. முட்டை என்ற பேச்சே எடுக்கக்கூடாது.

ஆனாலும் நாராயணம்மா எடுத்தாள்.

"ஒரே ஒரு முட்டைங்க. அவளுக்கு மட்டும்."

"கீரையில இல்லாத சத்தா முட்டையில இருக்குது? களியத் தின்னு வளந்த ஒடம்பு இது. ராகி நல்லதுன்னு ரேடியோவுலயே சொல்றான். உனக்கு அந்த நர்ஸ் சொன்னதுதான் வேதம்."

"பக்கத்து வூட்டு சிங்கராயர் பொண்ணு வாராவாரம் முட்டை திங்குது. அவரும் உங்க கம்பெனிதான?"

"ஓடு உரிக்கறப்பவே இங்க வரைக்கும் வாசன வருதுப்பா" என்றாள் சுகுணா.

கோவிந்தப்பனுக்குச் சுள்ளென்று ஏறியது. "அடுத்த வூட்டுத் தட்டப் பாக்கறதுக்குப் பொண்ணையும் பழக்கி வச்சிருக்கியா? ஊதாரிக் குடும்பம்டி அது. நாளைக்கே கடன் கேட்டு நம்ம வாசல்ல வந்து நிப்பான், பாரு."

சுகுணா தலையைக் குனிந்துகொண்டாள். அவன் தள்ளிவிட்ட களியும் அவள் தட்டுக்குத்தான் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்க, உருட்டி உருட்டி விழுங்கினாள். நாராயணம்மா களிச்சட்டியை நங்கென்று கீழே வைத்தாள்.

"நானுந்தான் போன வாரத்துலருந்து எதிர்வூட்டு சரோஜம்மாகூட வேலைக்குப் போறன். எங்க போறன், இன்னா வேலைன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீ எங்க போனா எனக்கின்னா? ராத்திரிக்குக் களி சூடா இருக்கணும், அவ்ளோதான்."

நேற்று வரை அவனுக்கு நைட் ஷிஃப்ட். அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் இவன் போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். இன்றுதான் பகல் ஷிஃப்ட்டுக்கு மாறியிருந்தான். சட்டையை மாட்டும்போது அவள் மணிக்கட்டைப் பார்த்தான். புதுத் தீக்காயம். மஞ்சள் குழைத்துப் பூசியிருந்தாள்.

"அதென்ன, கையச் சுட்டுக்கினு?"

"பெரிய அடுப்பு. இன்னும் பழகல."

"இத்தன வருசமாப் பொங்கற, இன்னும் பழகலையாம்" என்று சிரித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

மத்தியானச் சங்கு ஊதியதும் கம்பெனி கேண்டீனுக்கு எல்லோருக்கும் முன்னால் ஓடினான் கோவிந்தப்பன். புதனும் சனியும் அங்கே சாப்பாட்டோடு ஆளுக்கொரு அவித்த முட்டை உண்டு. மகராசன் காலையில் வயிற்றைக் கட்டிக்கொண்டு வந்தது இதற்குத்தான்.

வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவர் சிங்கராயர். தட்டில் விழுந்த முட்டையை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார். அந்தக் கேண்டீனில் பாதிப் பேர் அப்படித்தான். சோற்றையும் சாம்பாரையும் தின்றுவிட்டு, முட்டையை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

"இப்படிப் பொட்டலம் கட்டித்தான்யா ஒடம்பு ஈர்க்குச்சியாப் போச்சு உனக்கு" என்றான் கோவிந்தப்பன்.

"வூட்ல பொண்ணு காத்துக்கினு இருக்கும்பா. உன் பொண்ணுக்கு நீ எடுத்துக்கினு போறதில்லையா?"

"ஒழைக்கறவன் திங்கணும். பொட்டச்சிங்க நாக்கு கேக்கறதுக்கெல்லாம் ஆடினா நாம எழும்ப முடியாது."

சிங்கராயர் தட்டோடு நகர்ந்தார். கோவிந்தப்பன் தட்டை நீட்டினான். பலகைக்கு அந்தப் பக்கம், தலைத்துணியைப் புருவம் வரைக்கும் இறக்கிக் கட்டிய பெண்கள் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யார் முகத்தையும் அவன் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவன் கண்ணெல்லாம் முட்டைக் கூடையில்தான் இருந்தது.

சோறு விழுந்தது. சாம்பார் விழுந்தது. கூடைக்குள் போன கை நல்ல பெரிய முட்டையாகப் பார்த்து எடுத்தது. ஆனால் அவன் தட்டுக்கு வராமல், பக்கத்திலிருந்த தூக்குப்போசியில் அதைப் போட்டு மூடியது.

"ஏய், என் முட்டைய எங்க ஒளிக்கற? திருட்டுக் கழுத. சூப்பர்வைசரக் கூப்புடட்டா?"

பரிமாறியவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புள்ளைக்கே போடுன்னு காலையில நீங்கதான சொன்னீங்க."