ஜோடி மட்டை

ஃப்ளோரிடாவின் காலை வெயில், மட்டையால் பந்தடித்து ஆடும் பிக்கிள்பால் களத்து வேலியில் காய்கிறது. வேலியோரச் சட்டத்தில் மட்டைகள் வரிசையாக நிற்கின்றன. முன்னால் இருக்கும் நான்கு மட்டைக்காரர்களும் அடுத்த ஆட்டத்தில் சேர்ந்து ஆடுவார்கள். அடுத்து ஆடக் காத்திருக்கும் லொரெட்டா திரும்பிப் பார்க்கிறாள். “முன்னால மட்டை நாலு இருக்கு, ஆளு மூணுதானே இருக்கோம்? இந்த நீல மட்டை யாரோடது?” இன்றுதான் புதிதாக வந்திருக்கும் கிழவர் வெண்டல் தொப்பியைத் தொட்டுக்கொள்கிறார். “அதுவும் என்னோடதுதாங்க. கத்துக்கறதுக்குக் கடையில மலிவா ஒண்ணு கேட்டேன், ஜோடியாத்தான் இருக்குன்னாங்க. ரெண்டையும் வச்சுட்டேன்.” “நல்ல ஆளுய்யா நீ!” லொரெட்டா சிரிக்கிறாள். “அப்ப வீட்டம்மாவையும் கூட்டிட்டு வர வேண்டியதுதானே?” “அவ இருந்திருந்தா கூட்டிட்டு வந்திருப்பேங்க.” வெண்டல் உறை பிரிக்காத அந்த நீல மட்டையை உருவி எடுக்கிறார். லொரெட்டா பின்னாலிருந்த வேறொருவரின் சிவப்பு மட்டையை அந்த இடத்துக்கு நகர்த்துகிறாள். “நாலு பேரு ஆச்சு, வாங்க.” ஒரு கைக்கு ஒரு மட்டையாக, வெண்டல் களத்துக்குள் நடக்கிறார்.