புள்ளி நாலு ஆறு

இரண்டாவது மணி அடிப்பதற்குள் பாகீரதி போனை எடுத்துவிட்டாள்.

தம்பி கல்யாணத்துக்கு ஆழ்வார்குறிச்சி வந்து மூன்று நாள் ஆகிறது. வீட்டில் பந்தல்காரர் முதல் மாமாக்கள் வரை எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதனால்தான் தாஜ் முகம்மது அண்ணாச்சியின் எஸ்டிடி பூத் நம்பரைக் கொடுத்து, மூன்றரைக்குக் கூப்பிடச் சொல்லியிருந்தாள்.

ஐரோப்பாவிலிருந்து காந்திமதிநாதன். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இளையவன், திருநெல்வேலி டவுன்காரன்.

நான்கு வருஷமாக அங்கே எல்லோரும் ஒரே ஒரு எண்ணைத்தான் தேடுகிறார்கள். கனத்த குவார்க் என்ற நுண்துகள் சிதைகிறது. அதன் எதிர்க்குவார்க்கும் சிதைகிறது. இரண்டும் ஒரே மாதிரிச் சிதைந்தால் விடை பூஜ்யம். வித்தியாசம் இருந்தால், உலகத்தில் எதிர்ப்பொருள் இல்லாமல் பொருள் மட்டும் ஏன் மிஞ்சியது என்பதற்கு ஒரு துப்புக் கிடைக்கும். பாகீரதிக்கு நிரந்தர வேலையும் கிடைக்கும்.

ஆசைப்பட்டு யாரும் கணக்கை வளைத்துவிடக் கூடாதே என்று ஓர் ஏற்பாடு. உண்மையான விடையோடு ஒரு ரகசிய எண்ணைக் கூட்டித்தான் கணினி காட்டும். எல்லா வேலையும் முடிந்த பிறகே அதைக் கழிப்பார்கள்.

நாதன் கேட்க வந்தது சின்ன விஷயம். மார்ச்சில் மூன்று வாரம் ஒரு கருவிக்கு மின்னழுத்தம் சரியில்லை. அந்தத் தரவை வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா? கருவி பாகீரதியின் பொறுப்பு. அவள் சொல்வதே முடிவு.

இங்கிலீஷில் பேசியிருந்தால் அதோடு நிறுத்தியிருப்பான். ஊர்ப்பேச்சு வந்ததும் பயலுக்கு வாய் நிற்கவில்லை.

"இப்பம் புள்ளி நாலு ஆறுல நிக்குக்கா. அந்த மூணு வாரத்தத் தூக்கிட்டா புள்ளி ஒம்போது ஒண்ணுக்குல்லா ஏறுது. தூக்கிரட்டுமா?"



வேறு யாரிடம் வேண்டுமானாலும் அவன் அதைச் சொல்லியிருக்கலாம். ரகசிய எண்ணை வைத்தவளே அவள்தான். அதனால்தான் ஒரு வருஷமாக ஒரு வரைபடத்தைக்கூட அவள் கண்ணில் காட்டவில்லை.

மறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. பிறந்த வீட்டுக் கதவிலக்கத்தையே வைத்துத் தொலைத்திருந்தாள். புள்ளி நாலு நாலு.

கழித்தல் தானாக நடந்துவிட்டது. மூன்று வாரத்தை வைத்துக்கொண்டால் விடை ஏறக்குறைய பூஜ்யம். தள்ளினால் உலகமே திரும்பிப் பார்க்கும்.

இந்தப் போன் வரும்வரை தள்ளத்தான் வேண்டும் என்று நினைத்திருந்தாள். கருவியின் குறிப்பேட்டைப் பார்த்து, நேர்மையாக நினைத்தது. இப்போது அதே பதிலைச் சொன்னால், எது குறிப்பேடு, எது ஆசை என்று அவளுக்கே தெரியாது.

ஒரு 'ம்' போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"லைன்ல இருக்கியளாக்கா?"

ரகசிய எண், கணினி காட்டும் எண் இரண்டும் தெரிந்தவர் பெயர் ஆய்வுக் கட்டுரையில் இருக்கக் கூடாது. அந்த விதியை எழுதியவளும் அவள்தான்.

"மூணு வாரத்தைப் பத்தி வேற ஆளைக் கேளு நாதா. கட்டுரையில எம்பேரை எடுத்திரச் சொல்லு."

என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பிறகு, மிகவும் தணிந்த குரலில், அப்படியென்றால் என்ன வருகிறது என்று கேட்டான்.

பாகீரதி போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்த்தார். "நல்ல சேதிதானம்மா?"

உலகத்திலேயே அந்த இரண்டு விடையும் தெரிந்த ஒரே ஆள் அவள்.

"தெரியாது அண்ணாச்சி" என்றாள்.