இத்தாலிப் பை

“ரேஷன் கார்டு கொண்ணாந்தியா?”

சத்யப்ரியா கார்டை நீட்டினாள். ஞானஜோதி அதை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

சேலையூரில் அவள் வைத்திருந்தது பியூட்டி பார்லர்தான். ஆனால் புருவம் திருத்த வருகிறவர்களைவிட, கல்யாண செட் நகையை வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. இத்தாலியில் செய்த தோல் கைப்பை.

“நிஜமாவே ஒரிஜினலாக்கா?”

“இன்னாம்மா இப்டிக் கேட்டுட்ட? ஃபாரின்ல கீற என் நாத்தனார் மவ குடுத்தது. ஒரு பொட்டு கறை பட்டுச்சு, கார்டை மறந்துடு. அப்புறம் சர்க்கரை வாங்க நீ இத்தாலிக்குத்தான் போவணும்.”

சத்யாவுக்கு வேறு வழியில்லை. போன மாதம் கணவன் ஹேமநாத்தின் மேனேஜர் டேனியல் வீட்டு விருந்தில், அவர் மனைவி ஷீலா இவள் கையில் இருந்த பையைப் பார்த்து, “இது அட்சய திருதியைக்கு நகைக்கடையில ஃப்ரீயா குடுத்தது இல்ல?” என்று கேட்டுவிட்டாள். பத்துப் பேர் எதிரில். அது உண்மை என்பதுதான் சத்யாவுக்குத் தாங்கவில்லை.

இன்று ஹேமநாத்தின் டீமில் இருக்கும் அஞ்சலிக்கு ரிசப்ஷன். ஷீலாவும் வருவாள்.

டீம் மொத்தமும் சேர்ந்து வாங்கிய மோதிரப் பெட்டியை சத்யா பைக்குள் வைத்து மூடினாள். ‘க்ளிக்.’ சத்தமே பணக்காரத்தனமாக இருந்தது.

“அய்ய, அதுக்குள்ள மூடிட்டியா? அந்தக் கொக்கி கொஞ்சம் மக்கர் பண்ணும்மா. தொறக்கறதுக்கு ஒரு...”

வெளியே பைக் ஹார்ன் அலறியது.

“சரிக்கா, சரிக்கா!” சத்யா ஓடினாள்.

“ஒரு கைப்பைக்கு ரேஷன் கார்டு அடமானமா?” ஹேமநாத் தலையில் அடித்துக்கொண்டான்.

“யாராவது கேட்டா, போன வருஷம் சிங்கப்பூர் போனப்போ வாங்கினதா சொல்லுங்க.”

“நான் அங்க வாங்கினது கோடாலித் தைலம்தான்டி!”

தாம்பரம் மண்டபத்தில் மேடைக்குப் போகும் வரிசை வாசல்வரை நின்றது. ஷீலாவின் கண் சத்யாவின் முகத்துக்கு வருமுன் கையிலிருந்த பைக்குப் போயிற்று.

“அட, சத்யா! புதுசா?”

“இவர் சிங்கப்பூர்லேர்ந்து...”

இவருக்குத் திடீரென்று மெல்லிசைக் குழுவின் மேல் அக்கறை வந்துவிட்டது.

ஷீலா பையைக் கையில் வாங்கிக்கொண்டாள். “இதெல்லாம் வாங்கறப்போ உஷாரா இருக்கணும். தையல் ஒரே சாய்வா ஓடணும். தோல் வாசனை வரணும், பெயின்ட் வாசனை வரக்கூடாது. ‘இன்னிக்கு மட்டும் பாதி விலை’ன்னா, அந்தக் கடைப் பக்கமே திரும்பக் கூடாது. ஒரிஜினல்னா கூடவே ஒரு கார்டு இருக்கும். இருக்கா?”

“கார்டு... பத்திரமா ஒரு இடத்துல இருக்கு மேடம்.”

ஷீலா பையைத் தலைகீழாகத் திருப்பினாள். அடி மூலையை விரலால் தடவினாள். அங்கிருந்த ஒரு சின்னக் கீறலில் விரல் நின்றது.

“இதே மாதிரி ஒண்ணை நான்கூட ஈஸ்டருக்கு எடுத்துட்டுப் போனேன்.”

சத்யா பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இவளிடமும் இதே பையா! அடுத்த கேள்வி, ‘சிங்கப்பூர்ல எந்தக் கடை?’

நல்லவேளை, அவர்கள் முறை வந்துவிட்டது. டீம் மொத்தமும் மேடையேறியது. வீடியோக்காரர் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்தார்.

“மோதிரம் குடுங்கம்மா,” என்றார் டேனியல்.

சத்யா கொக்கியை அழுத்தினாள். இழுத்தாள். திருகினாள். அசையவில்லை. ஹேமநாத் வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றான். ஊஹூம்.

“சார், சிரிச்ச மாதிரி இழுங்க,” என்றார் வீடியோக்காரர்.

“அங்க இன்னாப்பா, பூட்டை ஒடைக்கறீங்களா? பந்தி போட்டுட்டாங்க!” வரிசையிலிருந்து ஒரு குரல்.

“ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வரட்டுமா?” மாப்பிள்ளையின் தம்பி உதவிக்கு வந்தான்.

சத்யாவுக்கு ரேஷன் கார்டு கண்ணில் வந்து போனது.

அஞ்சலி கள்ளங்கபடம் இல்லாமல் கேட்டாள். “என்னக்கா, உங்க பையை உங்களுக்கே திறக்கத் தெரியலையா?”

மேடையில் ஒரு கணம் எல்லாரும் சத்யாவையே பார்த்தார்கள். ‘யாரோடது’ என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

“கொடு இப்படி.”

ஷீலா முன்னால் வந்தாள். முடிந்தது கதை என்று சத்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஷீலா கேமராவுக்கு முதுகைக் காட்டி, முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டாள். கட்டைவிரலால் கொக்கியின் இடது ஓரத்தை அழுத்தி, அடியில் விரல் முட்டியால் ஒரு தட்டு. ‘டொக்.’

பை வாயைத் திறந்தது.

“டூப்ளிகேட்தான் தொட்டவுடனே திறந்துக்கும்,” என்றாள் ஷீலா, மேடை முழுக்கக் கேட்கும்படி. “ஒரிஜினல்னா பூட்டு இப்படித்தான் இறுக்கமா இருக்கும். அவ புதுசா வச்சிருக்கா, பாவம், பழகலை.”

எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். மாப்பிள்ளையின் தம்பிகூட.

அஞ்சலி விரலில் மோதிரம் ஏறியது. போட்டோவுக்காக எல்லாரும் நெருங்கி நின்றார்கள். ஷீலா பையை சத்யாவின் கையில் திணித்தாள். கேமராவைப் பார்த்துச் சிரித்த முகம் மாறாமல், உதடு மட்டும் அசைந்தது.

“பந்தியில சாம்பாரைக் கொட்டிடாத சத்யா. வெள்ளிக்கிழமைக்கு இதே பையை நான் கார்டு குடுத்துச் சொல்லி வச்சிருக்கேன். கறை இருந்தா, அந்த ஞானஜோதி நம்ம ரெண்டு பேர் ரேஷன் கார்டையும் திருப்பித் தர மாட்டா.”