தொங்கவிட்ட கம்பி

பீர் காய்ச்ச மால்ட் தானியத்தைக் கிளறும் மரத்துடுப்பு மூன்றாவது முறை இறங்கியபோது மெர்வினின் இடது கையில் எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அப்போதும் அவர் பிடியை விடவில்லை. கைக்குள் இருந்தது, எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும், செத்துப்போன மனைவி நொலீனின் ஓபல் கல் மோதிரம்.

"கொன்னாலும் தரமாட்டேன்டா, நாயே!"

முகமூடிக்காரன் வந்ததிலிருந்து வாயே திறக்காமல் அடித்துக்கொண்டிருந்தான். அடுத்த அடியில் விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. மோதிரம் போய்விட்டது.

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ ஊரில் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. தகர ஷெட்டுக்குள் பீர் வெந்துபோகாமல் இருக்கத்தான் மெர்வின் பழைய ஃப்ரிட்ஜுக்கு சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் மாட்டி, பீர் நுரைக்கும் ட்ரம்மை உள்ளே ஏற்றியிருந்தார். கன்ட்ரோலரின் சூடு பார்க்கும் கம்பியை ட்ரம்மோடு ஒட்ட அவருக்கு எப்போதும் சோம்பல். "ட்ரம்மோட ஒட்டலேன்னா கம்பி காத்தோட சூட்டைத்தான் காட்டும். நீ குடிக்கப்போறது பீரையா, காத்தையா?" என்று பீர் க்ளப் நண்பன் டெஸ் திட்டாத நாளில்லை. இன்றும் கம்பியைத் தொங்கவிட்டபடி கதவைச் சாத்தினார். பின்மண்டையில் முதல் அடி விழுந்தது அப்போதுதான்.

இப்போது அந்தப் படுபாவி அவரைக் குப்புறத் தள்ளி, தோட்டத்து ரப்பர் குழாயால் கைகாலைக் கட்டினான். கண்ணில் ரத்தம் இறங்கி எதுவும் தெரியவில்லை. ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இன்னும் என்னத்தைத் தேடுகிறானோ.

பிறகு சர்ரென்று டேப் கிழிபடும் சத்தம். மூக்கையும் வாயையும் சேர்த்து ஒட்டிக் கொல்லப்போகிறான் என்று நினைத்த மெர்வின் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஃப்ரிட்ஜ் கதவு சாத்தப்பட்டது, காலடி வெளியே போனது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் டெஸ்ஸின் அலறல்.

"ஐயோ மெர்வ்! எவன்டா இது? என் கையில மட்டும் கெடச்சான், குடலை உருவி மாலையாப் போட்டுடுவேன்!"

கட்டை அவிழ்த்தான், ரத்தத்தைத் துடைத்தான். மெர்வின் குழந்தைபோல அழுதார். "நொலீனை ரெண்டாந்தடவை புதைச்ச மாதிரி இருக்குடா."

"அழாதடா. போலீஸ் பாத்துக்கும். முதல்ல கைக்கு ஏதாவது ஜில்லுன்னு வையி."

மெர்வின் தள்ளாடியபடி போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். அப்படியே நின்றார்.

கம்பி தொங்கவில்லை. ட்ரம்மின் வயிற்றில் அழுத்தி வைத்து, மேலே ஸ்பான்ஜ் துண்டை மடித்து, நாலு பக்கமும் பிசிறில்லாமல் டேப் போட்டு ஒட்டியிருந்தது.

கதவை மெதுவாகச் சாத்தினார். ஷெட்டின் தாழ்ப்பாளைப் போட்டார். தரையில் கிடந்த துடுப்பை வலது கையால் எடுத்துக்கொண்டார்.

"மோதிரத்தை எடு, டெஸ்."