மூன்றேகால் மணி நேரம்

"நூறு போகுமா தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

வண்டிக்கு அடியில் படுத்திருந்த டிங்கர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்தான். எழுபத்திரண்டு வயது, சோடாபுட்டிக் கண்ணாடி, கேட்பது நூறு. பட்டறையில் அவருக்கு 'ரேஸ் தாத்தா' என்று பெயர் வைத்ததே அவன்தான்.

"மோரிஸ் மைனர் சார் இது," என்றார் மெக்கானிக். "உங்க கல்யாணத்துக்கு வாங்கின வண்டி. அறுபதுல போனாலே அதோட பெரிய மனசு."

"வழி இருந்தா சொல்லுங்க."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "மூணு வழி இருக்கு. இதே இன்ஜினை போர் அடிச்சு, அதாவது சிலிண்டரைக் கடைஞ்சு, புது பிஸ்டன் போடலாம். இல்ல, இதே வகையில பெரிசு, ஆயிரத்து இருநூத்து எழுபத்தஞ்சு சிசி. அலுங்காம உக்காரும். கடைசி, ஜப்பான் இன்ஜின், அஞ்சு கியர். பிரேக்கும் மாத்தணும், அடியிலயும் வெட்டணும்."

பெரியவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். குதிரைசக்தி, மைலேஜ் எதையும் கேட்கவில்லை. "இருநூத்து அறுபது கிலோமீட்டர். ஒவ்வொண்ணுலயும் எத்தனை மணி நேரம் ஆகும்?"

"இப்ப இருக்கிறதுல, நடுவுல நிறுத்தி ஆற விட்டு, ஆறு மணி நேரம். போர் அடிச்சா அஞ்சு. பெரிசு போட்டா நாலு. ஜப்பான்னா மூணேகால்."

"மூணேகால்," என்று எழுதிக்கொண்டார். "அதையே போடுங்க."

மெக்கானிக்கிற்குக் கோபமே வந்துவிட்டது. அந்த வண்டியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. பழைய கார் ரசிகர்கள் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதைப் போய் வெட்டுவதா?

"குருவி தலையில பனங்காய் வைக்கிற வேலை சார். வெட்டினா வெட்டினதுதான், திரும்ப பழசாக்க முடியாது. அப்படி எங்கதான் போறீங்க?"

"மகன் வீட்டுக்கு."

மனைவி போய் ஒரு வருடமாகிறது. அதன் பிறகு அவர் வீட்டில் ரேடியோவைத் தவிர வேறு குரல் கிடையாது. பேத்தி பிறந்து ஏழு மாதம், போட்டோவில் பார்த்ததோடு சரி. இதையெல்லாம் அவர் மெக்கானிக்கிடம் சொன்னதும் டிங்கர் தலையைக் குனிந்துகொண்டான்.

"பேத்தியைப் பார்க்கவா? முதல்லயே சொல்லக் கூடாதா?" மெக்கானிக்கின் குரல் இறங்கியது. "அதுக்கு எதுக்கு சார் ஜப்பான் இன்ஜின்? காலையில ஆறு மணிக்குக் கிளம்பினா, பழைய இன்ஜின்லயே மத்தியானம் போய்ச் சேர்ந்துடலாமே."

"இருட்டினா எனக்கு ரோடு தெரியாது தம்பி. வெளிச்சத்துலயே ஓட்டி முடிக்கணும்."

"பன்னெண்டு மணிக்கு வெளிச்சத்துக்கு என்ன குறைச்சல்? பாதிப் பகல் மிச்சம் இருக்குமே!"

"மிச்சம் இருக்காது தம்பி. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்."

கிழவருக்குக் கணக்கும் தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக். பாவமாக இருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார்.

"நான் சொல்றதைக் கேளுங்க சார். வண்டியைக் கெடுக்க வேணாம். போர் அடிச்சுத் தர்றேன், பூ மாதிரி ஓடும். மெதுவாப் போங்க. பேத்தியை மடியில போட்டுக்கிட்டு பத்து நாள், பதினஞ்சு நாள் ஆசை தீர இருந்துட்டு, அதே மாதிரி மெதுவாத் திரும்பி வாங்க. யாரு உங்களை விரட்டறா?"

பெரியவர் காகிதத்தை முன்னிருந்தபடியே மடித்தார். மடித்து முடித்தும் நிமிரவில்லை.

"அன்னிக்கே திரும்பிப் போறதா இருந்தாத்தான் வரச் சொல்லியிருக்கான் தம்பி."