தாழ்ப்பாள் இல்லாத கதவு

"எழுதினது நான்தான் சார். எத்தனை தடவ கேட்டாலும் இதேதான்."

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற எட்டாம் வகுப்புப் பெண்ணை எல்லோரும் சுண்டெலி என்பார்கள். அவ்வளவு சின்ன உருவம்.

தலைமையாசிரியர், பக்கத்தில் இருந்த வாத்தியாரைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டீங்கல்ல? 'பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடும்வரை வகுப்பில் உட்காரமாட்டோம்'னு கரும்பலகை முழுக்க அச்சு அச்சா எழுதியிருக்கு. நான் போறப்ப இவ பெஞ்சு மேல நிக்கிறா, கையெல்லாம் சாக்பீஸ் தூள். இப்ப மொத்தப் பிள்ளைங்களும் வெயில்ல உக்காந்திருக்கு. ஒழுங்குக்குப் பொறுப்பு நீங்கதான். விதிப்படி ஒரு வாரம் வெளிய அனுப்பிக் கடிதம் எழுதுங்க. அன்னிக்கு ஆலை வாசல்ல கொடி பிடிச்ச உங்க கை, நடுங்கிடப் போகுது."

இன்னும் ஆறு மாதம் அடங்கிக் கிடந்தால் வாத்தியாருக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் பழையபடி மூட்டை தூக்கவேண்டியதுதான். தாளை எடுத்தார். வலது மூலையில் தேதியைப் போட்டார். அவள் பேரை எழுதினார்.

வெயிலில் இருந்தவர்களை அதட்டத் தலைமையாசிரியர் வெளியே போனார்.

"ஒரு வாரம் வீட்ல இருந்தா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். அம்மா செங்கச்சூளைக்குக் கூட்டிட்டுப் போயிடும். எங்க அக்காவும் ஒரு வாரம்னுதான் போச்சு. மூணு வருஷம் ஆச்சு."

"அப்புறம் எதுக்கு இந்த வீம்பு? நீ எழுதலைன்னு எனக்குத் தெரியும்."

"எப்படி சார் தெரியும்?"

அவர் தடுமாறினார். "பலகை உச்சியில இருக்கு எழுத்து. உன் கை எட்டாது."

"அதான் பெஞ்சு போட்டு ஏறினேனே."

"பொய் சொல்லாத. யாரைக் காப்பாத்துற?"

அவள் மேசைமேல் இருந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்:

"பிள்ளைங்க யாரும் கோஷம் எழுதுறப்ப வலது மூலையில தேதி போடமாட்டாங்க சார். பெரிய சார் வர்றதுக்குள்ள ஏறி அதை மட்டும் அழிச்சிட்டேன்."

வாத்தியார் கடிதத்தில் அவள் பேரை அடித்துவிட்டு, மேலே தன் பேரை எழுதினார்.