கைதட்டல் மீட்டர்

சோப்பு கம்பெனி ஒன்றின் செலவில் உலகத்தைக் காப்பாற்றுவதற்காக அந்தக் குளிர் அரங்கில் ஐந்நூறு பேர் கூடியிருந்தார்கள். கண்டுபிடிப்புப் போட்டி; வந்திருந்த எல்லோருமே போட்டியாளர்கள், நடுவர்கள் கிடையாது. கைதட்டலை அளக்கும் மீட்டர் ஒன்று மேடைக்கு மேல் தொங்கியது. முள் யாருக்கு அதிகம் ஏறுகிறதோ அவருக்குத்தான் பரிசு.

மின்சாரம் இல்லாமலே தடுப்பூசியைக் குளிர வைக்கும் பெட்டியைக் காட்டிவிட்டு எஸ்தர் வணங்கியபோது வேலவனுக்கு வயிறு எரிந்தது. ஒரே ஆபீஸ், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இது தனக்கு ஏன் தோன்றவில்லை? எல்லோரோடும் எழுந்து நின்று, சிரித்த முகத்தோடு, உள்ளங்கைகள் தொடுவதற்கு நூலளவு முன்பே நிறுத்தி நிறுத்திக் கைதட்டினான். முள் கால்வாசிக்கு மேல் ஏறவில்லை. மீட்டர் கெட்டுவிட்டது போல என்று சந்தோஷப்பட்டான்.

“எப்படி இருந்துச்சு வேலவா?” என்று இறங்கி வந்தவள் கேட்டாள்.

“சூப்பர் எஸ்தர். தட்டித் தட்டி கையே வலிக்குது.”

அடுத்து அவன் முறை. கடல் நீரைக் குடிநீராக்கும் தன் குழாயைக் காட்டி முடித்ததும் அரங்கமே எழுந்தது. எல்லாக் கைகளும் ஆர்வமாக அசைந்தன. ஒன்றும் இன்னொன்றைத் தொடவில்லை. எல்லா முகத்திலும் அவனுடைய அதே சிரிப்பு. அந்த அமைதிக்குள் ஒரே ஒரு ஜோடிக் கை மட்டும் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தது. யாரென்று அவன் பார்க்காமலே இருந்திருக்கலாம்; பார்த்துவிட்டான். எஸ்தரின் உள்ளங்கைகள் சிவந்திருந்தன.

பெட்டியைப் பார்த்து எரிந்ததைவிட, அந்தக் கைகளைப் பார்த்து அவன் வயிறு அதிகமாக எரிந்தது.